நகம் சொன்னது எந்த மாதத்துக் கதை? குடி அளவைக் காட்டும் பரிசோதனையும் கடலூரில் ஒரு குடும்பமும்

சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு எழுதப்படுகிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

நோயாளிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கடலூர் முதுநகரில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். இருபது வயதில் பிடித்த குடி, கடைசிப் பத்து வருடமாகத் தினம் ஒரு குவார்ட்டர் என்று நிலைத்துவிட்டது. படகு கரையேறிக் கூலி கைக்கு வரும் நாளில் இரண்டு. பல நாள் பஸ் ஏறி கன்னியக்கோயில் போய்க் குடித்துவிட்டு வருவார். புதுச்சேரிப் பக்கம் விலை குறைவு என்பது கடலூரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தைய வாரம், ரத்த வாந்தி எடுத்தார். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். உணவுக்குழாயில் புடைத்திருந்த ரத்தக் குழாய்களுக்கு எண்டோஸ்கோப்பி மூலம் வளையம் போட்டு ரத்தக் கசிவை நிறுத்தினார்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தது. கண் மஞ்சள். கல்லீரல் சுருக்கம் முற்றிய நிலை என்று சொன்னார்கள். இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது, நிலைமை தேறாவிட்டால் மாற்றுக் கல்லீரல் பற்றி யோசிக்கவேண்டி வரும் என்பதையும் அப்போதே சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தவர் கார்த்திகை பிறந்ததும் திருவந்திபுரம் போய் மொட்டை போட்டுக்கொண்டார். குடியை விட்டதற்கான வேண்டுதல். இந்த மொட்டை பின்னால் இந்த வழக்கில் முக்கியமான இடம் பிடிக்கும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

கல்லீரலில் ஒரு பகுதியைத் தர மனைவி முன்வந்தார். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் வாழ்க்கைத் துணையும் நெருங்கிய உறவில் சேர்த்தி என்பதால் சட்டச் சிக்கல் அதிகமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அவர் எங்களிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஈரல் குடுக்க எனக்குப் பயம் இல்ல டாக்டர். குடுத்தப்புறம் அதையும் குடிச்சே அழிச்சிடுவாரோன்னுதான் பயம்." குடிக்காமல் இருக்கிறார் என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் கையெழுத்து என்பது அவர் நிபந்தனை. நியாயமான நிபந்தனை.

குடும்பம் கொண்டுவந்த அறிக்கை

மனைவியின் அண்ணனுக்கு இந்த தானத்தில் ஆரம்பத்திலிருந்தே உடன்பாடு இல்லை. நகத்தை வெட்டிக் கொடுத்தால் ஆறு மாதக் குடியும் தெரிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொங்கல் முடிந்த கையோடு மைத்துனரை ஒரு தனியார் மாதிரி சேகரிப்பு மையத்துக்குக் கூட்டிப் போனார். இவரும் மறுக்கவில்லை. "நான்தான் தொடவே இல்லையே மச்சான், எங்க வேணா பாத்துக்கங்க" என்று பத்து விரலையும் நீட்டியிருக்கிறார்.

தை கடைசியில் அறிக்கை வந்தது. எத்தில் குளுக்குரோனைடு (குடித்தால் உடலில் உண்டாகும் ஒரு பொருள்): பாசிட்டிவ். மில்லிகிராமுக்கு 80 பிகோகிராமுக்கு மேல். பக்கத்தில் 30 என்று ஓர் எல்லை அச்சாகியிருந்தது. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பண்ருட்டியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். தானம் இல்லை என்று சொல்லியனுப்பினார். இவர் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்க, பழைய சிகிச்சை மருத்துவர் எங்கள் குடிநோய் மறுவாழ்வுப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார்.

இவருடைய அம்மாவின் கவலை தனி. மகன் குடித்தானா இல்லையா என்பதைவிட, சம்பந்தி வீட்டுக்காரன் மகனின் நகத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறானே என்பதுதான் அவருக்குத் தூக்கம் கெடுத்தது. நகமும் முடியும் அடுத்தவர் கைக்குப் போகக்கூடாது, செய்வினைக்கு அதுதான் வேண்டும் என்று நம்புகிற தலைமுறை. இதைச் சிரித்து ஒதுக்கினால் அந்த வீட்டில் அடுத்த மாதிரி எடுக்கவே முடியாது.

அந்தப் பொருள் என்ன செய்கிறது

குடித்த சாராயத்தில் பெரும்பங்கைக் கல்லீரல் எரித்துவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஒரு துளி மட்டும் எத்தில் குளுக்குரோனைடாக மாறுகிறது. சுருக்கமாக இ.டி.ஜி. உடலில் ஆல்கஹால் போகாமல் இது உண்டாவதில்லை. சிறுநீரில் சில நாள் இருந்து மறையும். ஆனால் ரத்தத்திலும் வியர்வையிலும் ஓடும்போது வளர்கிற முடியிலும் நகத்திலும் ஏறி அங்கேயே உறைந்துவிடுகிறது. அளவு மிகச் சிறியது. ஒரு பிகோகிராம் என்றால் ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு.

முடிக்கு எல்லைகள் ஒத்துக்கொள்ளப்பட்டுள்ளன. முடி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் வகுத்தபடி, மில்லிகிராமுக்கு 30 பிகோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் பல மாதமாக அளவுமீறிய குடி. 5-க்குக் கீழே இருந்தால், 'நான் குடிக்கவில்லை' என்று ஒருவர் சொல்வதற்கு எதிரான சான்று இல்லை. முன்பு 7 ஆக இருந்ததை 2019-இல் 5 ஆகக் குறைத்தார்கள். இடையில் வந்தால் குடி உண்டு, கனத்த குடி என்று சொல்வதற்கில்லை.

அந்த 30 எதற்குச் சமம் என்பதை நம்மூர்க் கணக்கில் பார்க்கலாம். நாளொன்றுக்கு 60 கிராம் சுத்த ஆல்கஹால் அல்லது அதற்கு மேல் என்பது அதன் பொருள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பாட்டிலில் அச்சிட்டிருக்கும் வலிமை 42.8 சதவீதம். ஆக 77 மில்லி ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 61 கிராம். அதாவது உலகம் 'அளவுமீறிய குடி' என்று கோடு கிழித்திருக்கும் இடமும், நம்மூரில் 'ஒரே ஒரு குவார்ட்டர்தான்' என்று சொல்லிக்கொள்ளும் இடமும் ஒன்று.

நகத்துக்கு இப்படி எல்லோரும் ஏற்ற எல்லை இல்லை. ஒரே ஆளின் முடியையும் நகத்தையும் சேர்த்து அளந்தால் நகத்தில் அதிகமாகவே வரும். அந்த அறிக்கை முடிக்கான 30-ஐ எடுத்து நகத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. அதைவிடப் பெரிய குறை, கடைசியாகக் குடித்தது எப்போது என்ற கேள்வியே மாதிரிப் படிவத்தில் இல்லை.

முதல் சந்திப்பில் கவனித்தவை

கை நடுக்கம் இல்லை. ஊதச் சொன்ன கருவியில் பூஜ்யம். குடியால் ரத்தத்தில் கூடும் ஜி.ஜி.டி. என்சைம் கூடுதலாக இருந்தது, ஆனால் கெட்டுப்போன கல்லீரலில் அது குடிக்காமலேயே கூடும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கிரியாட்டினின் சரியாக இருந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு முடியில் இ.டி.ஜி. கூடுதலாகக் காட்டும் என்பதால் அதைப் பார்ப்பது அவசியம்.

எல்லாவற்றையும் மாற்றியது அவருடைய கட்டைவிரல். உடம்பு கொஞ்சம் தேறி, பட்டறையில் போய் உட்கார ஆரம்பித்திருந்தார். இரண்டு கட்டைவிரல் நகத்திலும் குறுக்காக ஒரு பள்ளம். அதில் எஞ்சின் கிரீஸ் ஏறி, பேனாவால் கோடு போட்டதுபோல் கருப்பாகத் தெரிந்தது. நகம் தோலிலிருந்து வெளிப்படும் இடத்துக்கு 5 மில்லிமீட்டர் மேலே. உடம்பு கடுமையாக விழுந்தால் நகத்தின் வளர்ச்சி கொஞ்ச நாள் நின்றுபோகும், மறுபடி வளரும்போது அந்த இடம் பள்ளமாக மேலேறி வரும். கைவிரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் வளரும். தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் வேரிலிருந்து வெளியே வரவே சில வாரம் பிடிக்கும். கூட்டிப் பார்த்தால் பள்ளம் விழுந்தது ஐப்பசியில், ரத்த வாந்தி எடுத்த வாரத்தில்.

பள்ளத்துக்குக் கீழே இருப்பது மருத்துவமனைக்குப் பிந்தைய நகம். மேலே இருப்பது முழுக்க முந்தையது. மையத்தில் வெட்டி எடுத்ததோ நுனி. வேரிலிருந்து நுனிக்கு ஐந்தாறு மாதப் பயணம் என்றால் அது ஆவணி வாக்கில் உருவான நகம். ஆவணியில் அவர் தினம் ஒரு குவார்ட்டர் குடித்துக்கொண்டிருந்தார். அதை அவரே மறுக்கவில்லை. நகத்துக்கு அடியிலுள்ள சதையிலிருந்தும் கொஞ்சம் ஏறும் என்பதால் மாதக் கணக்கு கத்தியால் வெட்டியதுபோல் துல்லியமாக இராது. ஆனாலும் தை மாத அறிக்கை தை மாதக் குடியைச் சொல்லவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

எல்லோரையும் ஒரே நாளில் ஒரே அறையில் உட்காரவைத்துத்தான் இதைச் சொல்வது என்று தீர்மானித்தோம். ஆளுக்கு ஒரு நாள் தனியாகச் சொன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான்கு கதையாகிவிடும். மனைவியின் கையில் விரலைப் பிடிக்கக் கொடுத்து, பள்ளத்தைக் காட்டி, அடிக்கோலால் அளக்கச் சொன்னோம். அண்ணன் தன் பங்குக்கு ஒரு முறை அளந்தார். "அப்ப இப்ப குடிக்கலன்னு ஆயிடுமா?" என்று கேட்டார். ஆகாது. அந்த அறிக்கை இரண்டு பக்கத்துக்கும் சாட்சி இல்லை என்பது மட்டும்தான் உறுதி.

நகத்தை உடனே மறுபடி அனுப்பவேண்டாம் என்பது அடுத்த முடிவு. பழைய நகம் நுனியில் இருக்கும்வரை அதே பாசிட்டிவ்தான் வரும். மார்பு முடி இருக்கிறதே என்றார் அண்ணன். உடம்பு முடி வளர்ந்தபின் நெடுநாள் உதிராமல் அப்படியே நிற்கும். தீபாவளிக்கு முந்தைய முடியும் அதில் கலந்திருக்கும், நகத்தில் வந்த அதே குழப்பம்.

தலைமுடிதான் சரி. இங்கேதான் திருவந்திபுரத்து மொட்டை உதவிக்கு வந்தது. பொதுவாக மொட்டை அடித்தவரிடம் முடிப் பரிசோதனை முடியாது என்று கைவிரிப்பார்கள். இவருக்கு நேர்மாறு. கார்த்திகைக்குப் பிறகு தலையில் இருக்கும் ஒவ்வொரு முடியும் குடியை விட்டதாக அவர் சொல்லும் நாளுக்குப் பின் முளைத்தது. பழைய முடியின் கலப்பே இல்லை. தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும். 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த முடியை வைத்து உறுதியாகப் பேசுவது சரியல்ல என்பதால், மாசி கடைசிவரை முடி வெட்டாமல், சாயம் போடாமல் இருக்கச் சொன்னோம். வெளுக்கும் ரசாயனம் இ.டி.ஜி.யை அழித்துவிடும். மறுபக்கம், சில மூலிகைக் கூந்தல் தைலங்களில் இ.டி.ஜி. இருந்து பொய்யாகக் காட்டியதும் பதிவாகியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் மட்டும் போதும் என்றோம்.

தூங்கும்போது தெரியாமல் வெட்டிக்கொண்டு வரட்டுமா என்று மனைவி ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றோம். ஒப்புதல் இல்லாமல் எடுத்த மாதிரியை வாங்குவதில்லை. தவிர, நம்பிக்கை இல்லாத வீட்டில் திருட்டுத்தனமாக எடுத்த சான்று எதையும் சரிசெய்யாது.

நடுவில் ஒரு பாசிட்டிவ்

முடி வளரும் வரை சிறுநீர் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மாதிரியில் இ.டி.ஜி. மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்ற தாழ்ந்த எல்லையைத் தாண்டியது, உயர்ந்த எல்லையான 500-ஐத் தொடவில்லை. மீண்டும் சத்தியம், அழுகை. "என் புள்ள மேல கை வச்சு சொல்றேன் டாக்டர்" என்றார்.

சத்தியத்தை நம்புவதா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் போகாமல், வீட்டில் வாயில் போடுவது, தலையில் தேய்ப்பது, கையில் தடவுவது எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுவரச் சொன்னோம். அம்மா கொண்டுவந்தார். அதில் ஓர் அரிஷ்டம் பாட்டில். பசி எடுக்கவேண்டும் என்று அம்மாதான் நாட்டுமருந்துக் கடையில் வாங்கி, காலையும் ராத்திரியும் 25 மில்லி கொடுத்துவந்தார். அரிஷ்டங்கள் புளிக்கவைத்துச் செய்பவை. தானாக உண்டாகும் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருக்கும். இதில் 10 வரை என்று இருந்தது. நாளுக்கு 50 மில்லி என்றால் ஏறக்குறைய 4 கிராம் ஆல்கஹால். குவார்ட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு. போதை தராது. சிறுநீர்ப் பரிசோதனையைக் கெடுக்கப் போதும். சுருங்கிய கல்லீரலுக்கு அதுவும் ஆகாது.

அரிஷ்டத்தை நிறுத்தினோம். ஒரு வாரம் கழித்து எடுத்த சிறுநீரில் எதுவும் இல்லை. 'குடிக்கிறீர்களா' என்று எத்தனை முறை கேட்டிருந்தாலும் இந்த பாட்டில் வெளியே வந்திருக்காது. அந்த வீட்டில் யாரும் அதைக் குடியாகக் கருதவில்லை.

முடியின் முடிவு

மாசி கடைசியில் மாதிரி எடுத்தோம். உச்சிக்குப் பின்பக்கத்திலிருந்து பென்சில் கனத்துக்கு ஒரு கற்றை, தோலை ஒட்டி வெட்டி, வேர்ப்பக்கம் எது என்று குறித்து, அலுமினியத் தாளில் சுற்றி உறையிட்டோம். மனைவியும் அண்ணனும் உறையின் மீது கையெழுத்திட்டார்கள். கடைசியாகக் குடித்த தேதி, மொட்டை தேதி, அரிஷ்டம், கிரியாட்டினின் எல்லாம் எழுதிய தாளும் கூடப் போனது.

விடை 5-க்குக் கீழே. "ஆனா பூஜ்யம்னு போடலையே" என்றார் அண்ணன். கேள்வி நல்ல கேள்வி. 5-க்குக் கீழே என்பது ஒரு சொட்டும் தொடவில்லை என்ற நிரூபணம் ஆகாது. எப்போதாவது கொஞ்சம் குடித்தாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே வரலாம். தினம் ஒரு குவார்ட்டர் என்ற பழைய வாழ்க்கை இந்த மூன்று மாதத்தில் நடக்கவில்லை, அவர் சொல்வதற்கு எதிராக முடியில் எதுவும் இல்லை. இதற்கு மேல் ஒரு வரிகூட எழுதித் தர முடியாது என்று சொல்லி, அப்படியே எழுதிக் கொடுத்தோம்.

பின் நடந்தது

மனைவி திரும்பி வந்தார். ஆனால் தானத்துக்கு உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பரிசோதனை சரியாக வந்ததால் கொடுத்தே ஆகவேண்டும் என்று மாமியார் பேச ஆரம்பித்திருந்தார். அது எங்களுக்குக் கவலை தந்தது. கணவர் குடிக்கவில்லை என்பதும் மனைவி ஈரல் தரவேண்டும் என்பதும் வேறு வேறு. மாற்றுச் சிகிச்சைக் குழு அவரிடம் தனியாகப் பேசி, எந்தக் கட்டத்திலும் மறுக்கலாம், காரணம் வெளியே சொல்லப்படாது என்று தெளிவுபடுத்தியது.

அதற்குள் உடம்பு தேற ஆரம்பித்தது. வயிற்று நீர் வடிந்தது, மஞ்சள் குறைந்தது. குடி நின்றால் சிலருக்குக் கல்லீரல் இந்த அளவுக்கு மீள்வதுண்டு. சித்திரை வாக்கில் மாற்றுச் சிகிச்சையைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் இருக்கலாம் என்று குழு முடிவு செய்தது.

ஆனியில் நகத்தை மறுபடி எடுத்தோம். இதைக் கேட்டது நோயாளிதான். பழைய காகிதம் அவர் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. செவ்வாய், வெள்ளி ஆகாது, விளக்கு வைத்தபின் ஆகாது என்று அம்மா சொன்னதால் புதன்கிழமை காலை. பள்ளம் நுனியை நோக்கி ஏறி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. செய்தித்தாள் விரித்துப் பத்து விரலிலும் 2, 3 மில்லிமீட்டர் வெட்டினோம். உறைக்குள் போனது போக, தாளில் சிதறிய துணுக்குகளை அம்மா ஒன்றுவிடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். யாரும் தடுக்கவில்லை. விடை, கருவி கண்டறியும் எல்லைக்கும் கீழே.

ஆடியில், கோயில் கூழ் ஊற்றிய அன்று இரவு, கூட்டாளிகளோடு ஒரு குவார்ட்டர் குடித்துவிட்டார். அடுத்த சந்திப்பில் அவரே சொன்னார். ஒரு நாள் 61 கிராம், மூன்று மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு ஒரு கிராம்கூட வராது. 3 சென்டிமீட்டர் முடியில் அது தெரிய வாய்ப்பில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் எந்த அறிக்கையும் காட்டிக்கொடுத்திருக்காது. மனைவியிடமும் அவரே சொல்லட்டும் என்று விட்டோம். சொன்னார். இரண்டு நாள் பேசவில்லையாம். பண்ருட்டிக்குப் போகவில்லை.

நடைமுறையில் மாறுபவை

குடியை நிறுத்திய புதிதில் வருபவர்களிடம் முதல் நாளே நகம் எடுத்து, அது பழைய குடியின் அளவு என்று தாளிலேயே எழுதி வைப்பது இனி வழக்கம். பின்னால் எடுப்பதை அதோடு ஒப்பிடலாம். இல்லாவிட்டால் ஒற்றை எண் தனியாக நின்று வீட்டைப் பிரிக்கும்.

மருந்துப் பை கேட்பது முதல் சந்திப்புக்கு வரும். அரிஷ்டம், ஆசவம், வாய் கொப்பளிக்கும் திரவம், கூந்தல் தைலம், கை சுத்திகரிப்பான் எல்லாம் சேர்த்து.

கடைசி இரண்டு முதல் நான்கு வாரக் குடியைக் காட்ட ரத்தத்தில் பாஸ்பாடிடைல் எத்தனால் என்றொரு பரிசோதனை உண்டு. முடி மூன்று மாதத்தைச் சராசரியாக்கும், சிறுநீர் சில நாளோடு நிற்கும். இடைவெளியை அது நிரப்பும். ஒரு எச்சரிக்கை, ரத்தம் ஏற்றியவர்களுக்குக் கொடையாளியின் குடியே ரத்தத்தோடு வந்து காட்டலாம். ரத்த வாந்தியோடு வருபவர்கள் அதிகம் என்பதால், ரத்தம் ஏற்றிய தேதியையும் கேட்டு, சில வாரம் விட்டே எடுக்கவேண்டும்.

முடிவுத் தாளில் 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்ற இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டோம். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த அளவு, எதைச் சொல்ல முடியாது என்று மூன்று வரி தமிழில் எழுதித் தருகிறோம். அதை வாசித்துக் காட்டும்போது நோயாளியும் அவர் கூப்பிடும் ஒருவரும் இருக்கவேண்டும்.